ஜூன் மாத ரத்தம்

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தபோது பரஞ்சோதி சந்தோஷப்பட்டான். உறையைப் பிரிக்காமலேயே இரண்டு முறை திருப்பிப் பார்த்தான்.

"இருபத்தஞ்சு தடவ கொடுத்தா பேட்ஜ் வரும்னு தேவன் சொன்னான்ல. இதான் லா அது."

பிரேமாவதி அடுப்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். "மொதல்ல பிரிங்க. பெருமைய அப்புறம் படலாம்."

"உனக்குப் பொறாம. ஊசியப் பாத்தாலே மயக்கம் போடற ஆளு நீ."

கெடா மாநிலத்துப் பாலிங் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர்களிடம், கோப்பையிலேயே உறைந்து கட்டியாகிவிட்ட ரப்பர்ப் பாலை எடை போட்டு வாங்கி, லாரியில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது அவன் தொழில். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. பாக்கார் ஆராங்கில் அவர்கள் வீட்டு முன்னால் லாரி வந்து நின்றால் பக்கத்து வீட்டுச் சீனத்தி சன்னலைச் சாத்துவாள். கல்யாண வீட்டில்கூட அவன் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான். கோயில் மண்டபத்தில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ரத்ததான முகாமில் மட்டும் முதல் ஆளாகப் போய்ப் படுப்பான். தன் ரத்தம் சுத்தமானது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஒவ்வொரு தேதிக்கும் முத்திரை விழுந்த அந்தச் சின்னப் புத்தகத்தைச் சாமி அலமாரியில் வைத்திருந்தான்.

கடிதம் மலாயில் இருந்தது. பேட்ஜ் பற்றி ஒன்றும் இல்லை. அக்டோபரில் கொடுத்த ரத்தம் தொடர்பாக ஆலோசனைக்கு நேரில் வரவும் என்று இருந்தது.

"கொலஸ்ட்ரால் கூடியிருக்கும்," என்றாள் பிரேமாவதி. "நேத்து கூட ஆட்டுக்கால் சூப்பு."

கெடாவில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள்தான். அன்று காலையில் போனான். மத்தியானம் லாரி திரும்பி வந்த சத்தம் கேட்டது. ஆள் உள்ளே வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. லாரிக்குள் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது. கால் மணி நேரம் கழித்து வந்தவன், சோற்றைப் போடாதே என்று கையைக் காட்டிவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்தான்.

"வாசுகி எங்க?"

"டியூசன். என்னாங்க சொன்னாங்க?"

"அந்த டாக்டர் நம்ம தமிழ்ப் பொண்ணு. மலாய்ல சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. தமிழ்ல சொல்லுது. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கறதுன்னு தெரியல."

"என்னான்னுதான் சொல்லுங்களேன்."

"சிபிலிஸாம்."

அவள் கையில் இருந்த கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"பொம்பள சீக்கு, பிரேமா. கிரந்தின்னு எங்கப்பா காலத்துல சொல்லுவாங்களே, அது." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "வாசுகிக்கு அப்ப ஒரு வயசு. தேவன் கல்யாணத்துக்கு முன்ன, துணி எடுக்க ஹட்யாய் போறோம்னு கூட்டாளிங்க நாலு பேரு போனோம்ல. ஹட்யாய் போகல. பார்டர் தாண்டுனதும் டானோக்லயே தங்கிட்டோம். குடிச்சிருந்தேன். ஒரே ஒரு தடவ. சாமி சத்தியமா அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்கல. பதினோரு வருசம் ஆச்சு. அந்தச் சனியன் உள்ளயே கெடந்து இப்ப வெளிய வந்திருக்கு."

அவள் சோற்றுப் பானையை மூடினாள்.

"உனக்கும் வந்திருக்கும்னு சொல்றாங்க. உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க." அவன் நகர்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். ரப்பர்ப் பால் வாடையோடு அவன் தலை அவள் முழங்காலில் இடித்தது. "உன்ன அசிங்கப்படுத்திட்டேன். ரெண்டு அற அறஞ்சிரு. சும்மா நிக்காத."

பிரேமாவதி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பரில் அந்தக் கைகளில் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. பாதத்திலும் வந்தது. கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவள் ஆபரேட்டர். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கையுறை, பூட்ஸ், பன்னிரண்டு மணி நேரம். லைனில் பாதிப்பேருக்குக் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். கம்பெனி கிளினிக்கில் கையுறை ஒத்துக்கொள்ளவில்லை என்று களிம்பும் இரண்டு நாள் எம்.சி. லீவும் கொடுத்தார்கள். அவளும் அதையே நம்பினாள். தீபாவளிக்குப் புள்ளிகள் தெரியாமல் இருக்க உள்ளங்கை முழுக்க மருதாணி அப்பிக்கொண்டாள். என்ன சிவப்பு, புருசன் ஆசை அப்படி என்று லைனில் கேலி செய்தார்கள்.

"எழுந்திரிங்க," என்றாள். அதை அவன் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுதான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனார்கள். டாக்டர் சுபாஷினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. மேசையில் பரஞ்சோதியின் ரத்ததானப் பதிவை விரித்து வைத்திருந்தாள். எந்தப் பக்கம் போனீர்கள், எப்போது என்று ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்கிறாள். டானோக் என்று சொன்னவன், எப்போது என்பதற்கு "முன்னாடி" என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

"பயப்படாதீங்க சார். பென்சிலின் ஊசிதான். ரெண்டு பக்கமும் பாதிப் பாதி. ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

"ஒரே நாளா?" என்றான் பரஞ்சோதி.

"பழசா இருந்தா வாரம் ஒண்ணா மூணு வாரம் போடணும். உங்களுது புதுசு. இங்க பாருங்க, ஜூன் மாசம் நீங்க கொடுத்த ரத்தம் கிளீன். அக்டோபர்ல பாசிட்டிவ். நடுவுல வந்ததுதான். அதனால ஒண்ணு போதும். ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்க வந்து ரத்தம் பாக்கணும். ரெண்டு பேருக்கும் நான் சரின்னு சொல்ற வரைக்கும் ஒண்ணாப் படுக்கக் கூடாது."

பரஞ்சோதி தலையை ஆட்டினான். ஆட்டிய வேகத்திலேயே பிரேமாவதிக்குத் தெரிந்துவிட்டது, ஒண்ணு போதும் என்பது மட்டும்தான் அவன் காதில் விழுந்திருக்கிறது. கைகூப்பிக்கொண்டு ஊசி போடும் அறைக்குப் போனான்.

அவள் அந்தத் தாளைப் பார்த்தாள். பிப்ரவரி, ஜூன், அக்டோபர். அதற்கு முன்னால் வரிசையாக எத்தனையோ தேதிகள். டானோக்குக்குப் பிறகு இருபது தடவைக்கு மேல் அவன் ரத்தம் கொடுத்திருக்கிறான். எல்லாம் சுத்தம். தான் குற்றவாளி இல்லை என்பதற்கான அத்தாட்சியைச் சாமி அலமாரியில் வைத்துக்கொண்டுதான் அவன் இரண்டு நாளாக அவள் காலில் விழுந்துகொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க கர்ப்பமா இல்லையே?" டாக்டர் கேட்டாள்.

"இல்ல."

"நல்லது. கர்ப்பமா இருந்தாத்தான் எங்களுக்குப் பயம். கொழந்தைக்கு நேரா போயிரும். வயித்துலயே தவறிரும், இல்ல கண்ணு, எலும்புன்னு கெடுத்துரும். கண்டுபுடிச்சு ஊசி போட்டுட்டா பெரும்பாலும் காப்பாத்திரலாம்." அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்றது இந்த ரூமை விட்டுப் போகாது. உங்களுக்கு வேற யாராச்சும்?"

"இல்ல."

"கையக் காட்டுங்க." மருதாணி மங்கிய உள்ளங்கையை டாக்டர் விளக்குக்குக் கீழே பிடித்தாள். "இங்க தடிப்பு வந்துச்சா?"

"கிளவுஸ் ஒத்துக்கல."

"அரிச்சுதா?"

பிரேமாவதி யோசித்தாள். "இல்ல. அரிக்கல."

"கிளவுஸ்னா அரிக்கும்க்கா," என்றாள் டாக்டர். அவ்வளவுதான் சொன்னாள். ஏதோ எழுதினாள். தன் நேரடி நம்பரை ஒரு அட்டையில் குறித்துக் கொடுத்தாள்.

ரத்தம் எடுத்து, ஊசியும் போட்டு வெளியே வந்தபோது பரஞ்சோதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். முகம் தெளிந்திருந்தது.

"பாத்தியா பிரேமா. பதினோரு வருசத்து அழுக்கு, ஒரே ஊசி. இவ்வளோ சின்ன தண்டனையா எனக்கு?"

அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அந்த நிமிடம் சொல்லியிருக்கலாம்.

சொல்ல வேண்டியது இதுதான். பரஞ்சோதியின் தங்கை ரூபினிக்கு முதல் கர்ப்பம். ஜூன் மாதம் வாந்தி தாங்காமல் பாலிங்கில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் புருசன் விக்னேஸ்வரன் பாக்கார் ஆராங்கில் தனியாக இருந்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். பிரேமாவதி போய்வருவது அவன் பஸ்ஸில்தான். "புள்ள சோத்துக்குக் கஷ்டப்படும், ஏதாச்சும் கொழம்பு கொடுத்துவிடு," என்று மாமியார் போனில் சொன்னாள். கொடுத்துவிட ஆள் இல்லை. அவளே கொண்டுபோனாள். பாத்திரத்தைத் திரும்ப வாங்கவும் அவளே போனாள். ஆகஸ்டு கடைசியில் ரூபினி திரும்பி வந்தபோது அவள் அதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியாயிற்று, யாருக்கும் தெரியாது, முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தம்தான் பஸ்ஸுக்கு முதல் நிறுத்தம். அடுத்த நிறுத்தம் வரைக்கும் எட்டு நிமிடம் பஸ்ஸில் வேறு ஆள் இருக்காது. ஆகஸ்டுக்குப் பிறகு அவள் இரண்டாவது நிறுத்தம் வரை நடந்துபோய் ஏறினாள். புதன்கிழமை விடிகாலையில் மறுபடி முதல் நிறுத்தத்தில் நின்றாள்.

"என்னாக்கா, இங்க?" என்றான் விக்னேஸ்வரன்.

"ஆளு யாரும் இல்ல. அக்கான்னு கூப்பிடாத." அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். "உனக்குப் புண்ணு மாதிரி ஏதாச்சும் வந்துச்சா?"

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "ஜூலைல ஒண்ணு வந்துச்சு. வலியே இல்ல. பார்மசில கிரீம் வாங்கிப் போட்டேன், ரெண்டு மூணு வாரத்துல காணாமப் போச்சு. ஏன்?"

"காணாமப் போகல. உள்ள போயிருச்சு. அவருக்கு ரத்தத்துல வந்திருக்கு. எனக்கும்தான்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அண்ணனுக்கு நம்மளத் தெரியுமா?"

"தெரியாது. தன்னாலதான் வந்துச்சுன்னு நெனச்சு அழுதுகிட்டு இருக்காரு. யார்கிட்ட வாங்குன, விக்கி?"

"நீ என்னைக் கேக்கறியா?"

அவள் முன்னால் குனிந்தாள். "ரூபினிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

"அவளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு லா. கிளினிக்ல கொடுத்த பிங்க் புக்ல இருக்கு, நெகட்டிவ்னு. நானே பாத்தேன்."

"எப்ப எடுத்தது?"

"மொத தடவ போனப்ப. ஜூலை."

"அப்ப அவ அம்மா வீட்ல இருந்தா. உன்கிட்ட வந்தது அதுக்கப்புறம்."

அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "அடுத்த வாரம் வெள்ளிக்கெழம வளைகாப்பு. அது முடியட்டும். இப்ப சொன்னா ரெண்டு வீடும் போயிரும். என் வீடு மட்டும் இல்ல, யோசிச்சுக்க," என்றான்.

இரண்டாவது நிறுத்தத்தில் நாலு பெண்கள் சாப்பாட்டுப் பையும் குடையுமாக ஏறினார்கள். "விக்கி அண்ணே, என்னா பஸ்ஸு செத்த வீடு மாதிரி இருக்கு, பாட்டு போடுங்க!"

"போடறேன் போடறேன். அக்கா, நீங்க உள்ள தள்ளி உக்காருங்க," என்றான் விக்னேஸ்வரன் சத்தமாக.

வளைகாப்பு முடியட்டும் என்று அவளும் சொல்லிக்கொண்டாள். ஜூலை டெஸ்ட் நெகட்டிவ் என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டில் பரஞ்சோதி ஹாலில் பாயை விரித்திருந்தான். மீன், கறி எல்லாம் விட்டுவிட்டான். தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவிக் கவிழ்த்தான். அப்படியெல்லாம் ஒட்டாது என்று டாக்டர் சொன்னாங்களே என்றாள். "ஒட்டாதுதான். எனக்கே பிடிக்கல," என்றான். அவளுக்குக் காலையில் பால் சேர்க்காத தே ஓ தேநீர் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனான். பதினான்கு வருடத்தில் அவன் அவளுக்கு அப்படிச் செய்தது இல்லை. அவள் அதைக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை பாலிங்கில் காலையிலிருந்தே தூறல். விக்னேஸ்வரனுக்குத் தாய் தகப்பன் இல்லாததால் வளைகாப்பை மாமியார் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். எஸ்டேட் வீட்டு முன்னால் நீலக் கூடாரம் கட்டியிருந்தது. மழை இல்லாவிட்டால் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டப் போயிருக்கும் பெண்கள் எல்லாம் அன்று பட்டுச் சேலையில் இருந்தார்கள். எலுமிச்சைச் சாதம், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம் என்று ஏழு வகை பெரிய பாத்திரங்களில் வரிசையாக இருந்தது. பரஞ்சோதி சாமான்களை இறக்கிக் கொடுத்துவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டான்.

"ஏம்மா, ஒன் புருசன் ஏன் அங்க போய் நிக்கறான்? தங்கச்சிக்கு வளைகாப்பு, மொகத்தக்கூடக் காட்டல," என்றாள் மாமியார்.

"வாடை அடிக்கும்னு நிக்கறாரு அத்தை."

"பெத்த எனக்குத் தெரியாத வாடையா. போய்க் கூட்டியா. இல்ல, வேணாம், நேரமாச்சு. மொத வளையல் நீதான் போடணும். அண்ணி போட்டாத்தான் மத்தவங்க போட முடியும்."

ரூபினி மாலையும் கழுத்துமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்து வயிறு. கன்னத்தில் சதை போட்டு, கண் சிரித்தது.

"வாங்க அண்ணி. உள்ள ஆளு ஒதைக்கற ஒதைய பாத்தா புட்பால் ப்ளேயர்தான்."

"பொண்ணாக்கூட இருக்கலாம்டி. இப்பல்லாம் பொண்ணுங்கதான் நல்லா ஒதைக்குதுங்க," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிரேமாவதி சந்தனத்தை எடுத்து ரூபினியின் இரண்டு கன்னத்திலும் தடவினாள். பச்சை வளையலும் சிவப்பு வளையலும் தட்டில் இருந்தன. ரூபினி கையை நீட்டினாள். விரல்களைக் குவித்துப் பிடித்து வளையலை ஏற்றப் போன பிரேமாவதி நிறுத்தினாள். கையைத் திருப்பினாள். உள்ளங்கையில் செம்பு நிறத்தில் நாலைந்து புள்ளிகள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு.

"இது என்ன?"

"அதுவா, ஒரு வாரமா இருக்கு. கால்லயும் இருக்கு."

"கர்ப்பச் சூடு," என்றாள் மாமியார். "வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். சாயந்தரம் மருதாணி அரச்சு வச்சா அடங்கிரும்."

பிரேமாவதி இன்னொரு கையையும் திருப்பினாள். "அரிக்குதா ரூபி?"

"இல்ல அண்ணி. அரிக்கவே இல்ல. அதான் நான் சும்மா விட்டுட்டேன்."

"போடும்மா, பரீட்சை எழுதற மாதிரி யோசிச்சுக்கிட்டு நிக்கற!" பின்னாலிருந்தவள் கத்தினாள். "நாங்க எப்ப போடறது, எப்ப திங்கறது?"

அவள் போட்டாள். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. கூடாரத்து ஓரத்தில் சிரப் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த விக்னேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்க்காமல் தட்டை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு மழையில் இறங்கினாள்.

பரஞ்சோதி லாரியின் பின்கதவடியில் ஒதுங்கி நின்றிருந்தான். "முடிஞ்சிருச்சா? குடைய எடுத்துட்டு வரக்கூடாது?"

"ஜூன்ல கொடுத்தது கிளீன்னு அந்த டாக்டர் சொன்னாங்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதான் ஒரு ஊசி போதும்னாங்க."

"பதினோரு வருசமா ரத்தம் கொடுத்திருக்கீங்க. எல்லாம் கிளீன். டானோக்ல வந்ததா இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். இது உங்களால வந்தது இல்ல."

அவன் அவளைப் பார்த்தான். மழைத் தண்ணீர் அவள் நெற்றிப் பொட்டைக் கரைத்து மூக்கில் இறக்கியது. அவள் துடைக்கவில்லை.

"பின்ன?"

"என்னால. ஜூன்லருந்து ஆகஸ்டு வரைக்கும். விக்கி." அவன் முகத்தில் எதுவும் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகமாகப் பேசினாள். "ரூபினி கையப் பாத்தேன். எனக்கு வந்த அதே தடிப்பு. இப்பவே ஊசி போடலன்னா புள்ள போயிரும். அதுக்குத்தான் சொல்றேன். இல்லன்னா சொல்லியிருக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்க வேண்டியது இல்லை. உண்மை அதுதான், அதனால் சொன்னாள்.

பரஞ்சோதி லாரிக் கதவில் சாய்ந்தான். கூடாரத்தில் பெண்கள் நலங்குப் பாட்டு பாட ஆரம்பித்தார்கள். ஒருத்தி வரியை மறந்துவிட, எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். அவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல நின்றான். அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"பன்னெண்டு நாளு," என்றான் கடைசியில். "பன்னெண்டு நாளா நான் ஒன் கால்ல விழுந்துகிட்டு இருந்தேன். நீ பாத்துகிட்டு இருந்த."

"ஆமாங்க."

"தே ஓ போட்டு வச்சேன். குடிச்ச."

அவள் ஈரமான தலைப்பைப் பிழிந்தாள்.

"டானோக் போனது பொய் இல்ல. அத நான் செஞ்சேன். அதுக்கு அழுததும் பொய் இல்ல." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நீ என்ன அழ விட்ட பாரு. போ. அவகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். என் தங்கச்சிகிட்ட இத என் வாயால சொல்ல முடியாது."

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு, அரிசி மூட்டை வைத்திருந்த பின்னறையில் சொன்னாள். ரூபினி முதலில் சிரித்தாள். பிறகு கைப்பையிலிருந்து பிங்க் புத்தகத்தை எடுத்து ஜூலைப் பக்கத்தைக் காட்டினாள். அந்த டெஸ்ட்டுக்குப் பிறகு வந்திருக்கிறது என்று பிரேமாவதி விளக்கினாள். ஆரம்பத்தில் தடுமாறினாலும், டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். தன் கையை நீட்டி, எங்கெங்கே வந்தது என்று காட்டினாள். ரூபினி அந்தக் கையைத் தொடவில்லை.

"நான் அம்மா வீட்ல இருந்தப்ப நீங்க கொழம்பு கொடுத்துவிட்டதா அவரு போன்ல சொல்வாரு," என்றாள். "எங்க அண்ணி மாதிரி உண்டான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். புது வளையல்கள் முழங்கை வரை இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"புள்ளைக்கு?"

"ஊசி போட்டா காப்பாத்தலாம்னாங்க."

"எப்ப போடணும்?"

பிரேமாவதி அங்கேயே நின்று, டாக்டர் சுபாஷினி கொடுத்த நம்பருக்கு அடித்தாள். அந்த டாக்டரிடம் மறைத்த விக்னேஸ்வரன் பெயரையும், கூடவே ரூபினியின் பெயரையும் இப்போது சொன்னாள். அந்தப் பக்கம் திட்டு வரும் என்று காத்திருந்தாள். எத்தனை வாரம், பிள்ளை அசைகிறதா என்று மட்டும் கேட்டாள் டாக்டர். கெடாவில் வெள்ளியும் சனியும் கிளினிக் மூடியிருக்கும். அசைவு குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, ஞாயிறு காலை முதல் ஆளாகப் பார்க்க பாலிங் கிளினிக்கில் பேசி வைப்பதாகச் சொன்னாள்.

அந்த இரண்டு நாளும் ரூபினி அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கர்ப்பச் சூட்டுக்கு டாக்டர் மருந்து தருகிறார் என்று மட்டும் சொன்னாள். விக்னேஸ்வரன் வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பிப் போய்விட்டான். பரஞ்சோதி போன் அடித்தும் எடுக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி, எந்த கிளினிக் என்று ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினான். பரஞ்சோதி அட்ரஸை அனுப்பினான். வேறு எதுவும் எழுதவில்லை.

ஞாயிறு காலை மூன்று பேரும் லாரியில்தான் போனார்கள். வாசுகியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகக் காரை நண்பன் தேவனிடம் விட்டிருந்தார்கள். நடுவில் ரூபினி. ரப்பர்ப் பால் வாடைக்குச் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, "நான் வண்டியில இருக்கேன்," என்றான் பரஞ்சோதி. யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

உள்ளே கையையும் காலையும் பார்த்துவிட்டு, ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே போட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ரூபினி மட்டும் ஊசி அறைக்குப் போனாள். கூட வரலாமா என்று பிரேமாவதி கேட்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு முறை ரூபினி "அம்மா" என்று கத்தியது கேட்டது. அந்த ஊசி எவ்வளவு கெட்டியாக இறங்கும், எப்படிக் கால் வரைக்கும் இழுக்கும் என்று பிரேமாவதிக்குத் தெரியும். அவள் தன் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி போட்ட மலாய்க்கார மிஸி ரூபினியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"கூட வந்தது யாரு?" என்று மலாயில் கேட்டாள்.

ரூபினி பிரேமாவதியைப் பார்க்கவில்லை. "எங்க அண்ணனோட பொண்டாட்டி," என்றாள்.

மிஸி பிரேமாவதியிடம் திரும்பினாள். "அரை மணி நேரம் இவங்களப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒதடு வீங்குதா, கழுத்துல தடிப்பு வருதா, மூச்சு முட்டுதான்னு பாருங்க. ஏதாச்சும் இருந்தா உடனே என்னைக் கூப்பிடணும். போன் பாக்கக் கூடாது. கண்ண எடுக்கக் கூடாது, சரியா?"

"சரி மிஸி."

மிஸி போனாள். பிரேமாவதி எழுந்து ரூபினிக்கு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் ரூபினி.

"பாக்கச் சொல்லியிருக்காங்க."

"வேற எங்கயாச்சும் பாருங்க. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நானே கூப்பிடறேன்."

"மூச்சு முட்டினா கூப்பிட முடியாது ரூபி." பிரேமாவதி நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்தினாள். "அரை மணி நேரந்தான். அதுக்கப்புறம் நான் பாக்க மாட்டேன்."

ரூபினி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் மூக்கு வரைக்கும் வந்து நின்றது. துடைக்கக் கையைத் தூக்கியபோது வளையல்கள் சத்தம் போட்டன. உடனே இறக்கிவிட்டாள்.

பிரேமாவதி பார்த்தாள். உதடு வீங்கவில்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை. மூச்சு வேகமாகத்தான் வந்தது, ஆனால் அது அழுகை. சேலைக்குக் கீழே வயிறு ஒரு பக்கமாக ஏறி இறங்கியது. மறுபடி உதட்டைப் பார்த்தாள். மறுபடி கழுத்தை.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது.